மாமன் பங்கு

கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுக் குழந்தை மாதி கண் செருகும் நேரத்தில்தான் அந்தச் சீழ்க்கை கேட்டது. ஓடைப் பக்கம் ஒன்று, மூங்கில் வளைவுக்கு அப்பால் இன்னொன்று, பிறகு இரண்டுக்கும் நடுவில் நாலைந்து சேர்ந்து. தூளியை ஆட்டிக்கொண்டிருந்த போளனின் கை தானாக நின்றது. செந்நாய்கள் விரட்டும்போது கூப்பிடுவது ஒரு மாதிரி, மான் விழுந்த பிறகு கூப்பிடுவது ஒரு மாதிரி. இது விழுந்த பிறகு கூப்பிடுவது. எட்டிப் போனவர்களெல்லாம் திரும்பி வாருங்கள், இலை போட்டாயிற்று என்று அர்த்தம். நெல்லிக்கொல்லியில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறொரு நாளாக இருந்தால் அவன் பாட்டுக்குத் தூளியை ஆட்டிக்கொண்டிருப்பான். ஆனால் அன்று சாயங்காலம் மச்சான் கரியன் வருவதாக இருந்தது.

கரியன் அவன் மனைவி கெம்பியின் அண்ணன். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவன். வாய் கொஞ்சம் நீளம். போன வருஷம் தேன் எடுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்ததில் போளனுக்குக் கணுக்கால் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதிலிருந்து கெம்பி விடியும்போது காப்பித் தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போகிறாள், பொழுது சாயும்போது வந்து இறங்குகிறாள். இவன் வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறான். பிள்ளை பார்ப்பது ஒன்றும் கேவலமான வேலையில்லை. பார்த்துப் பார்த்து அவனுக்கு அது பிடித்துக்கூடப் போயிருந்தது. ஆனால் கரியன் போன தடவை வந்தபோது, நாலு பேர் நடுவில் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டான்.

"ஏன் மாப்ளே, எல்லாம் நல்லாத்தான் பண்றே. பாலு மட்டும் எப்பக் குடுக்கப் போறே?"

எல்லோரும் சிரித்தார்கள். கெம்பியும் சிரித்தாள், அதுதான் போளனுக்குச் சுருக்கென்று தைத்தது. கால் தேறும்வரை தங்கச்சியையும் பிள்ளையையும் அக்கரைக்கே கூட்டிக்கொண்டு போவதாகவும், அடுத்த தடவை அதைப் பேசி முடிக்கத்தான் வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனான் கரியன். அந்த அடுத்த தடவை இன்றுதான். வீட்டில் இருந்தது கூழும் காட்டுக்கீரையும். அதைக் கொண்டுபோய்க் கரியன் முன்னால் வைக்க வேண்டுமே என்று நினைத்தபோதே போளனுக்கு முகம் சுண்டிப்போனது. அந்த நேரம் பார்த்துச் சீழ்க்கை கேட்டால் மனுஷன் என்ன செய்வான்?

செந்நாய் அடித்ததில் பங்கு எடுப்பது அவர்கள் ஊரில் திருட்டு இல்லை. செந்நாய் அவர்களுக்கு மாமன் முறை. மாமன் வீட்டில் உரிமையோடு கேட்டு வாங்கலாம். ஆனால் மாமன் பிள்ளைகளைப் பட்டினி போடக் கூடாது. தலையையும் விலாவையும் ஒரு பின்னங்காலையும் விட்டுவிட்டுத்தான் மற்றதில் கை வைக்க வேண்டும். அதற்குப் பெயர் மாமன் பங்கு. தனியாகப் போகக் கூடாது. ரத்தம் சிந்திய இடத்துக்குக் கைக்குழந்தையை எடுத்துப்போகவே கூடாது. இவ்வளவுதான் சட்டம். இப்போது காட்டிலாகாவின் சட்டம் ஒன்றும் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது, அவர்கள் கண்ணில் பட்டால் வழக்குத்தான். அதனால் முன்போல ஊரே கூடிக் கூச்சல் போட்டுக்கொண்டு போவதில்லை.

நாய்களும் முன்போல இல்லை. மூன்று கூட்டம் திரிந்த காடு அது. மேற்கே இருந்த கூட்டத்தை மாட்டுப்பட்டிக்காரர்கள் செத்த மாட்டில் விஷம் வைத்துத் தீர்த்துவிட்டார்கள். இன்னொரு கூட்டம் ஊர்நாய்களின் சீக்கு ஒட்டி, வாயில் நுரை தள்ளி, ஒவ்வொன்றாகச் சுருண்டது. மிச்சம் இந்த ஒரு கூட்டம்தான்.

போளன் அக்கம்பக்கம் பார்த்தான். ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் நாய்கள் எலும்பைக் கூட மிச்சம் வைக்காது. செந்நாய் சாப்பிடும் வேகம் அப்படி. தூளியை அவிழ்த்தான். அது கெம்பியின் பழைய சேலை. பிள்ளையோடு சேர்த்து முதுகில் கட்டிக்கொண்டான். கொடுவாளையும் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு ஓடைப் பாதையில் நொண்டிக்கொண்டே இறங்கினான்.

குழந்தையை ரத்தத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதை அவன் மறக்கவில்லை. மறந்திருந்தால் தேவலை. மூங்கில் வளைவுக்கு இந்தப் பக்கம், வறண்ட ஓடையின் கரையில் ஒரு பெரிய மருத மரம் சாய்ந்து நின்றது. அதன் தாழ்ந்த கிளையில், கைகளை உயர்த்தினால் எட்டுகிற உயரத்தில், சேலையின் இரண்டு முனைகளையும் இறுக்கி முடிச்சுப் போட்டுத் தூளி கட்டினான். காட்டுப்பன்றி வந்தாலும் மூக்கு எட்டாது. மாதி லேசாகச் சிணுங்கிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். ஒரு சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த திருப்தியோடு போளன் வளைவைத் தாண்டிப் போனான்.

நாய்கள் ஒரு கிடாமானைப் போட்டிருந்தன. வயிற்றுப் பக்கம் திறந்து குடல் வெளியே கிடந்தது. ஒன்பது நாய்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தன. அவற்றில் ஒரு பெட்டைக்கு மடி தொங்கிற்று. எங்கேயோ பாறை இடுக்கில் குட்டி போட்டிருக்கிறது. அது மற்ற நாய்களைவிட அவசரமாக விழுங்கிற்று. தின்பது தனக்கு மட்டும் இல்லையே, போய்க் குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்க வேண்டும்.

போளன் கொடுவாளின் பின்பக்கத்தால் மூங்கிலில் தட்டினான். "மாமா, பங்குக்கு வந்திருக்கேன், வழி விடுங்க," என்று உரக்கச் சொன்னான். நாய்கள் தலையைத் தூக்கின. அவன் குரல் அவற்றுக்குப் புதிது இல்லை. மனிதக் குரல் கேட்டால் விலகிப் போய் நிற்க வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக அவற்றுக்குப் பழகிப்போன விஷயம். புசுபுசுவென்ற கறுப்பு வால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு அவை உண்ணிப்புதர் ஓரம் போய் நின்றன. ஒன்று மட்டும் விசிலடிப்பது போல மெல்லக் கூவியது.

அவன் வேலையில் இறங்கினான். ஒரு தொடையை அறுத்துச் சாக்கில் போட்டான். ஈரலை எடுத்தான். அதோடு எழுந்திருக்க வேண்டியவன். ஆனால் இன்னொரு தொடை கொழுகொழுவென்று கண்ணெதிரே கிடந்தது. கரியனுக்கு மட்டும் வைத்தால் போதுமா, அக்கரைக்கும் ஒரு கட்டுக் கொடுத்தனுப்பினால் அந்த நீளமான வாய் எப்படி மூடிக்கொள்ளும் என்று பார்க்கலாமே என்று தோன்றியது. இரண்டாவது தொடையையும் அறுத்தான். மாமன் பங்கு என்று தலையும் நாய்கள் ஏற்கெனவே பாதி தின்ற விலாவும்தான் மிஞ்சின. மடி தொங்கும் பெட்டை அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. "பொறுத்துக்கோ, நாளைக்கு இன்னொன்னு ஓட்டிக்கலாம்," என்று அதனிடம் சொன்னான். வெட்கம் கெட்ட பேச்சுத்தான்.

சாக்கின் வாயைக் கட்டும்போது ஒரு மாற்றம் தெரிந்தது. நாய்கள் அவனைப் பார்க்கவில்லை. ஒன்பதும் ஒரே பக்கம் தலையைத் திருப்பிக் காதுகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றன. முதுகு மயிர் சிலிர்த்திருந்தது. ஏதோ ஒன்று சொல்லிவைத்தாற்போல அத்தனையும் பாய்ந்து போய்விட்டன. தன்னை விட்டுத் தொலைந்தன என்று போளனுக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது.

அடுத்த கணம் அந்தச் சத்தம் கேட்டது. செந்நாய் குரைக்காது. ஆனால் புலியையோ சிறுத்தையையோ கண்டுவிட்டால் கீச்சிட்டுக் கத்தும், குழந்தைகளை யாரோ கூட்டமாகக் கிள்ளுவது போல இருக்கும். அந்தக் கத்தல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்த பிறகும் மனம் அதை ஒப்புக்கொள்ள மறுத்தது. மூங்கில் வளைவுக்கு அந்தப் பக்கம். ஓடைக்கரை. மருத மரம்.

கோணல் காலை இழுத்துக்கொண்டு அவன் ஓடினான். சாக்கைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை.

வளைவில் வந்து நின்றான். மரத்தைச் சுற்றி நாய்கள் வளையம் போட்டுத் துள்ளிக்கொண்டிருந்தன. மரத்தின் கவட்டில், தூளிக்கு நேர் மேலே, ஒரு சிறுத்தை உட்கார்ந்திருந்தது. காதுகளைத் தலையோடு ஒட்டவைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் வால் கீழே தொங்கி அப்படியும் இப்படியும் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் மரப்பட்டைத் தூள் தூளியில் உதிர்ந்தது. தூளிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டு, அந்த வாலைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாதி அழவில்லை. விழித்திருந்தாள், விளையாடிக்கொண்டிருந்தாள்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தவன், பட்டென்று கையால் பொத்திக்கொண்டான். கத்தினால் நாய்கள் என்ன செய்யும்? விலகும். மனிதக் குரலுக்கு விலகியே பழகிய நாய்கள், இப்போதுதான் பழகியதை மறுபடி செய்துகாட்டின நாய்கள். அவை விலகினால் அடுத்த நொடி சிறுத்தை இறங்கும். இறங்குகிற வழியில் தூளி இருக்கிறது. அந்த வளையம் உடையாமல் இருக்கும்வரைதான் பிள்ளைக்கு உயிர். கல்லை விட்டெறியவும் வழியில்லை, கிட்டப் போகவும் வழியில்லை. அவன் போய் நின்றாலே நாய்கள் போய்விடும்.

வாழ்நாளில் எத்தனையோ தடவை அந்த நாய்களை விரட்டியிருக்கிறான். இன்று ஒரே ஒரு தடவை, போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதை அவற்றின் பாஷையில் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஓரத்தில் நின்ற ஒரு நாய் அவனைப் பார்த்துவிட்டது. துள்ளுவதை நிறுத்தி இரண்டடி பின்வாங்கியது. அதைப் பார்த்து இன்னொன்றும் திரும்பியது. மேலே சிறுத்தையும் அதைக் கவனித்தது. கவட்டிலிருந்து ஒரு முன்காலைக் கீழே இறக்கிப் பட்டையில் நகத்தை ஊன்றியது.

அப்போதுதான் போளனுக்குத் தன் தோளில் கனத்துக்கொண்டிருந்த சாக்கு நினைவுக்கு வந்தது. பதற்றத்தில் முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தான். ஈரலை எடுத்துக் கொடுவாளால் ஒரு துண்டு அறுத்து மரத்தடிக்கு வீசினான். பின்வாங்கிய நாய் மோந்து பார்த்தது. மேலே பார்த்தது. பாய்ந்து கவ்விக்கொண்டு மறுபடி வளையத்துக்குள் வந்துவிட்டது. போளன் இன்னொரு துண்டு போட்டான். இந்தத் தடவை மடி தொங்கும் பெட்டை எடுத்தது.

இப்படித் துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டே அவன் நடந்தான். குனிந்து, தலையைத் தொங்கப் போட்டு, கூடுமானவரை மனுஷனாகத் தெரியாமல் நடந்தான். பக்கத்தில் வரவர நாய்களின் நெடி மூக்கில் ஏறியது. ஒரு நாயின் உடம்பு அவன் முழங்காலில் உரசிற்று. அது பல்லைக் காட்டியது அவனுக்கா, மேலே இருப்பதற்கா என்று தெரியவில்லை. "மாமா, போயிராதீங்க," என்று அவன் முணுமுணுத்தான். வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. "உங்க பங்குதான் இது. எல்லாம் உங்களுக்குத்தான். போயிராதீங்க."

தூளிக்கு நேர் கீழே வந்து நின்றான். மேலே பார்க்கக் கூடாது, சிறுத்தையின் கண்ணைப் பார்த்தால் அது பாயும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் முடிச்சு மேலே அல்லவா இருக்கிறது. கைகளை உயர்த்தினான். இறுக்கிக் கட்டிய முடிச்சு, ரத்தத்தில் வழுக்கும் விரல்களுக்கு மசியவில்லை. அவன் தலைக்கு மேலே உறுமல் கேட்டது. அது காதில் கேட்டதைவிட வயிற்றுக்குள்தான் அதிகம் கேட்டது. பட்டைத் தூள் கண்ணில் விழுந்து கரித்தது. வால் ஒரு தடவை அவன் மணிக்கட்டில் பட்டுவிட்டுப் போனது. அதன் சூடு அவனுக்குத் தெரிந்தது.

"ங்ஙா," என்றாள் மாதி, அப்பனைப் பார்த்த சந்தோஷத்தில்.

இடது கையால் தூளியின் வயிற்றை ஏந்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கொடுவாளை ஓங்கி ஒரு பக்கத்துத் துணியை அறுத்தான். இன்னொரு பக்கத்தையும் அறுத்தான். பிள்ளையின் கனம் முழுதும் கையில் இறங்கியது. அந்தக் குலுக்கலில் மாதி பயந்து வீரிட்டு அழுதாள். அந்த அழுகைக்கு நாய்கள் திடுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் சிதறின. மரத்தடி காலியாகிவிட்டது. சிறுத்தை கவட்டில் எழுந்து நின்றது.

போளன் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தான். இரண்டு தொடைகளும் பொத்தென்று அடிமரத்தில் விழுந்தன. ஒரு மூச்சு விடும் நேரம் எதுவும் நடக்கவில்லை. அந்த ஒரு மூச்சில் அவன் செத்தே போனான் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு மடி தொங்கும் பெட்டை முதலில் வந்தது. அதன் பின்னால் மற்றவை வந்தன. தொடைகள் மேல் ஏறி விழுந்து கீச்சிட்டு இழுத்தன. தங்கள் இரையின் பக்கத்தில் சிறுத்தை இருப்பது நினைவுக்கு வந்ததும், பாதி தின்னவும் பாதி மரத்தைப் பார்த்துத் துள்ளவும் தொடங்கின. சிறுத்தை மறுபடி உட்கார்ந்தது.

அவன் முதுகு காட்டாமல் பின்புறமாகவே நடந்தான். பிள்ளையின் முகத்தைத் தன் மார்பில் அழுத்திக்கொண்டு, வழியில் கல் இருக்கிறதா குழி இருக்கிறதா என்று பாதத்தால் தடவிக்கொண்டு நடந்தான். திருப்பம் வந்து மரம் கண்ணுக்கு மறைந்ததும் திரும்பி ஓடினான். ஓடுகிற கால் நல்ல காலா கோணல் காலா என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான், வேட்டி நனைந்திருப்பதைக் கண்டான்.

கரியன் பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டான். கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் தட்டினான். போளன் பிள்ளையை அறுந்த சேலையாலேயே முதுகில் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான், கையில் காய்ந்த ரத்தத்தைக்கூடக் கழுவவில்லை. கரியன் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவன் அந்தக் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். போளன் நடந்ததைச் சொன்னான். நாய்கள்தான் சிறுத்தையைத் துரத்திக்கொண்டுவந்து தன் பிள்ளைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டன, அந்தச் சனியன் பிடித்த நாய்களை இனி ஊர்ப் பக்கம் விடக்கூடாது, பட்டிக்காரர்கள் செய்ததுதான் சரி என்று சொல்லி முடித்தான்.

கரியனுக்கு நம்பிக்கை வரவில்லை. சிறுத்தையும் நாயும் பிள்ளையும் ஒரே மரத்திலா, பயத்தில் ரெண்டை நாலாகப் பார்த்திருப்பாய் என்றான். வா, காட்டு என்றான். போளனுக்கு அந்த இடத்துக்குத் திரும்பிப் போவதற்கு ஒரு துளியும் தைரியமில்லை. ஆனால் தனியாக வீட்டில் இருப்பதற்கு அதைவிடப் பயமாக இருந்தது. பிள்ளையை முதுகிலிருந்து இறக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கூடப் போனான்.

மரத்தடியில் ஒன்றும் இல்லை. எலும்பையும் கொண்டுபோய்விட்டிருந்தன. கிளையில் அறுந்த சேலையின் இரண்டு முடிச்சுகள் மட்டும் தொங்கின. கரியன் வாய் நீளமானவன்தான், ஆனால் தடம் பார்ப்பதில் அவனுக்குக் கண்ணும் நீளம். ஓடை மணலில் குந்தி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஒரு உண்ணிப்புதரின் அடியையே பார்த்தான். பிறகு தரையைத் தடவியபடி தவழ்வது போல மரத்தை நோக்கி வந்தான். தூளி தொங்கிய இடத்துக்கு நேர் கீழே வந்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"மாப்ளே," என்றான். "நாய் தொரத்தி இது இங்க வரல."

புதருக்கடியில் மணல் அழுந்தியிருந்ததைக் காட்டினான். முழங்கை இரண்டும் ஊன்றிய குழி, வயிறு படிந்த தடம், பின்னால் வால் புரண்டு புரண்டு பெருக்கிய கோடு. நெடுநேரம் படுத்துக் கிடந்திருக்கிறது, மரத்தைப் பார்த்தபடி. அங்கிருந்து தூளிவரை பதுங்கி வந்த அடிகள். அந்த அடிகளுக்கு மேலேதான் நாய்களின் தடம் விழுந்திருந்தது, கீழே ஒன்றுகூட இல்லை.

"இங்க பாரு. பின்னங்காலு ரெண்டும் ஆழமாப் பதிஞ்சிருக்கு. எழுந்து நின்னிருக்கு."

கரியன் எழுந்து போளனின் பின்னால் வந்தான். மாதி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த சேலையை ஒரு பக்கமாக விலக்கிப் பார்த்தான். தூளியின் வயிற்றுப் பக்கம், பிள்ளையின் இடுப்புக்குச் சற்றுத் தள்ளி, துணி மூன்று கோடாகக் கிழிந்திருந்தது. கொடுவாள் வெட்டியது போல நேராக இல்லை. நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. கரியனின் விரல் அந்தக் கிழிசலுக்குள் நுழைந்து வெளியே வந்தது. நாய்கள் வர இன்னும் ஒரு கணம் பிந்தியிருந்தால் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். போளன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

திரும்பி வரும் வழியெல்லாம் கரியன்தான் பேசினான். செந்நாய்க்குச் சிறுத்தையைக் கண்டால் ஆகாது, இரைக்குப் பக்கத்தில் வாடை அடித்ததும் விரட்டப் போயிருக்கின்றன, அதுகளுக்குப் பிள்ளையாவது ஒன்றாவது என்றான். அது சரிதான். காட்டில் யாரும் யாருக்காகவும் ஓடுவதில்லை. அது தெரிந்திருந்தும் போளனுக்கு அந்தப் பெட்டையின் பார்வை கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கிய கெம்பி, இரண்டு ஆண்களும் பேயறைந்தது போல வாசலில் நிற்பதைப் பார்த்து முதலில் பிள்ளையைத்தான் பிடுங்கினாள். உச்சிமுதல் பாதம்வரை தடவிப் பார்த்த பிறகு என்ன என்று கேட்டாள். கரியன் தான் சொல்வதாக முன்வந்தான். போளன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கரியனுக்கு விருந்து வைக்க ஆசைப்பட்டதில் ஆரம்பித்துச் சேலைக் கிழிசல்வரை தானே சொன்னான். கெம்பி அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தக் கிழிசலை விரித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எடுக்கறப்போ மாமன் பங்கு வச்சியா?"

கடைசியில் எல்லாவற்றையும் அதுகளுக்கே போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அவள் கேட்டது அது இல்லையென்று அவனுக்குத் தெரியும்.

"வைக்கல," என்றான். "ரெண்டு தொடையும் எடுத்துட்டேன்."

கெம்பி சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பங்கு வைக்காதவன் பிள்ளைக்கா அதுங்க வந்துச்சுங்க," என்றாள்.

போளன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கரியன் கூழைக் குடித்தான், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் குடித்தான். அக்கரைக்குக் கூட்டிப்போகிற பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை ஓடைப் பக்கம் மறுபடி சீழ்க்கை கேட்டது, விழுந்த பிறகு கூப்பிடுகிற சீழ்க்கை. மாதி சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பிக் கையை நீட்டினாள். போளன் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அந்தச் சத்தம் ஓயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். கரியன் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. அன்றைக்கு நெல்லிக்கொல்லியிலிருந்து யாரும் பங்குக்குப் போகவில்லை.